சேர்வராயன் மலையில் காலிஃப்ளவர்

அப்பா: மிஸ், பையனோட வாட்டர்கலர் படத்துக்கு வாங்கின தாள் மட்டம். படத்துல வானத்தைப் பாருங்க, பூப்பூவா வெடிச்சிருக்கு.

மிஸ்: அதுக்குப் பேரு காலிஃப்ளவர். இது 300 ஜிஎஸ்எம், நல்ல கெட்டியான காட்டன் தாள் சார், அதுமேல பழி போடாதீங்க. பூச்சு பாதி காய்ஞ்சிருக்கப்போ யாரோ சொட்டச் சொட்ட பிரஷ் வச்சிருக்காங்க. புதுத் தண்ணி கலரை ஓரத்துக்குத் தள்ளிடுச்சு.

அப்பா: பையன்தான்.

மிஸ்: அவன்கிட்ட இருக்கறது 10ஆம் நம்பர் ரவுண்டு பிரஷ், பெருசு. மரத்துல இலையை ஒண்ணொண்ணா வச்சது பொடிசான 2ஆம் நம்பர்.

அப்பா: அது வீட்ல சும்மா கிடந்துச்சு.

மிஸ்: அதுவா எழுந்து வந்து வரைஞ்சுச்சா?

அப்பா: மரம்னா இலை வேணாமா மிஸ்? ஒரே இழுப்பா இழுத்து விட்டுட்டான். மலை? மூணுக்கும் அடியில கலர் தீர்ந்துபோச்சு!

மிஸ்: தீரல சார், அது சேர்வராயன் மலை காலைப்பனி. உச்சியைக் கூர்மையா போட்டுட்டு, காயறதுக்குள்ள சுத்தத் தண்ணி பிரஷ்ஷால அடிவாரத்தைக் கரைச்சு விடணும். முழுசாக் காய்ஞ்சாத்தான் அடுத்த மலை. தூரத்து மலைக்குக் கலர் நீர்மோர் பதம், கிட்ட வர வர தயிர். பனிக்குத் தாளோட வெள்ளையே போதும். அதை அடைச்சது யாரு?

அப்பா: பையன்தான்.

மிஸ்: வெள்ளை போஸ்டர் கலர்லயா?

அப்பா: கொலு பொம்மைக்கு வாங்கினது... மிச்சம் இருந்துச்சு.

மிஸ்: நீலம், பச்சை, பிரௌன், அதுமேல வெள்ளை. ஈரத்துல நாலையும் தேய்ச்சா சேறுதான்.

அப்பா: கால் மணி நேரம் சும்மாவே உக்காந்திருக்கான் மிஸ்! புறங்கையால தாளைத் தொடறான், மறுபடி உக்கார்றான்.

மிஸ்: சில்லுனு இருந்தா இன்னும் ஈரம் போகல. நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

அப்பா: அதான் ஹேர் ட்ரையர்...

மிஸ்: அதுவும் பையன்தானா?

அப்பா: ...

மிஸ்: மினுமினுப்பு அடங்கினப்புறம் தள்ளிப் பிடிச்சா தப்பில்ல. தண்ணி நிக்கறப்ப ஊதினா கலர் இப்படித்தான் கோடு கோடா ஓடும். ஒன்பது வயசுல கால் மணி நேரம் கையைச் சும்மா வச்சுக்கிட்டு இருக்கத் தெரிஞ்சிருக்கு அவனுக்கு. ஸ்கூலு, டியூஷன், வீடுன்னு ஒருத்தர்கூட அவனை அப்படி விடறதில்ல.

அப்பா: சரி மிஸ். கண்காட்சிக்கு இதையே வச்சுடலாமா? கீழ என் பேரையும் சேத்து. மலை உச்சி நல்லாத்தான வந்திருக்கு.

மிஸ்: அது பையன்தான்.