வென்ட்வொர்த் உட்ஹவுஸ்: பழி கல்லூரி மேல் அல்ல

யார்க்‌ஷயரின் இந்த மாளிகை சீரழிந்ததற்கு நிலக்கரிச் சுரங்கமும் பின்னாளில் அதற்குள் இயங்கிய கல்லூரியும்தான் காரணம் என்று ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அப்படி அல்ல.

1946இல் பிரிட்டன் எரிபொருள் அமைச்சர் ஷின்வெல் உத்தரவில் நடந்தது திறந்தவெளிச் சுரங்கம். தோட்டமும் பூங்காவும் போயின. உள்ளூர்ச் சுரங்கத் தொழிலாளர்களின் சங்கமே எதிர்த்தது. ஆனால் சுவரில் விரிசல் விடுவது வேறு சங்கதி: அடியில் நிலக்கரிப் படுகையை எடுத்த பிறகு மேல்தரை சீரில்லாமல் இறங்குவதால் வருவது. அப்படிப் பாதிப்பு வந்தது என்று இழப்பீடு கேட்ட பிந்தைய உரிமையாளர்களின் வழக்கு 2016இல் தோற்றது.

மாளிகையில் லேடி மேபல் உடற்கல்விக் கல்லூரி 1949 முதல் 1979 வரை இருந்தது. பிறகு ஷெஃபீல்ட் பாலிடெக்னிக் 1988 வரை நடத்தி, பராமரிப்புச் செலவு தாங்காமல் குத்தகையை விட்டது. ஆள் புழங்கும் வீட்டில் ஒழுகல் உடனே கண்ணில் படும். பூட்டிய வீட்டில்?

கிழக்கு முகப்பு மட்டுமே 600 அடிக்கு மேல். இத்தகைய பெரிய கூரைகளில் மழைநீர் ஓடும் ஈயத்தகட்டு வாய்க்கால்தான் முதல் எதிரி. இலை அடைத்தால் நீர் தகட்டின் ஓரம் ஏறிச் சுவரின் உச்சி வழியே உள்ளே இறங்கும். கல்லுக்குள் புதைந்த உத்தரத்தின் முனை காற்றில்லாமல் உளுத்துப்போகும். கூரையடிப் பூச்சு உதிர்வதெல்லாம் அப்புறம். தகட்டை அகலமாகப் போட்டாலும் தொல்லை: வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, நாளடைவில் கீறல் விடும். அரசு 2016இல் அறிவித்த 76 லட்சம் பவுண்ட் இந்த மாளிகையின் பழுதுபார்ப்புக்குத்தான். 2017இல் அதைப் பாதுகாக்கும் அறக்கட்டளை மாளிகையை வாங்கிய 70 லட்சத்தைவிட அதிகம்!