அண்ணன் பாட்டை மறக்கவில்லை

அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள், எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டு. போதும், இனி யாரும் அனுப்ப வேண்டாம்.

சனிக்கிழமை அரிச்சந்திரன் கூத்தின் மயான காண்டத்தில் சந்திரமதி வேஷம் கட்டிய அண்ணன் பாதி விருத்தத்தில் நின்றுபோனார். பாட்டை மறந்துவிட்டாராம். மறக்கவில்லை ஐயா. நான் பின்பாட்டுக்காரர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை அடியெடுத்துக் கொடுத்தார்கள். அண்ணனின் உதடு அசைந்தது, குரல்தான் வரவில்லை. பாட்டு மறந்தவனுக்குக் கண் அலையும். அவர் கண்ணோ மடியில் கிடந்த பிள்ளையை விட்டு நகரவே இல்லை.

"இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறவருக்கு அர்த்தம் என்ன தெரியும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதுதான் எனக்கு வலிக்கிறது. 1860இல் ட்ரூரோ கப்பலில் நம்மவர்கள் இந்தத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறங்கினார்கள். இத்தனை தலைமுறையில் நம் வீடுகளில் பேச்சு போனது, எழுத்து போனது. கூத்துக்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பேர் வந்துவிட்டது. ஆனால் செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு தாய் அழுவது புரிய எந்த எழுத்து வேண்டும்?

அழுகை பிறக்க இளிவு (இகழப்படுவது), இழவு (இழப்பு), அசைவு (பழைய நிலை கெடுவது), வறுமை என்று நான்கு காரணம் சொல்கிறது தொல்காப்பியம். ராணியாக இருந்தவள் அடிமையாகிறாள், பேச்சு வாங்குகிறாள், பிள்ளையைப் பாம்புக்குக் கொடுக்கிறாள், சுடுகாட்டுக் கால் பணத்துக்கு வழியில்லாமல் நிற்கிறாள். நான்கும் ஒருத்திக்கு. அங்கே தொண்டை அடைக்காவிட்டால்தான் அது பொய்.

நிஜமாக அழுதால் அது நடிப்பே இல்லை என்பீர்கள். நடிகன் உள்ளே உருகக் கூடாது என்று பிரான்ஸில் திதெரோ என்ற எழுத்தாளர் அன்றே எழுதினார், தெரியும். எனக்கு ஒன்பது வயதில் டர்பன் சாட்ஸ்வர்த்தில் இதே கூத்தில் நான் அந்தப் பிள்ளை லோகிதாசன். சந்திரமதி என் பெரியப்பா. துணி ஆலையில் வேலை, ஒரு மகனைப் பறிகொடுத்தவர். பிணமாகக் கிடந்த என் கன்னத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது, சூடாக. அரிதாரம் கரைந்து வாயில் கசந்தது. அப்படி அழுதவர், கட்டாந்தரையில் என் தலை இடிக்காமல் ஒரு கையைப் பின்கழுத்துக்கு அடியில் கடைசிவரை கொடுத்திருந்தார். அழுதவரும் அவர்தான், கை கொடுத்தவரும் அவர்தான். இதில் எதைப் பொய் என்பீர்கள்?

சுருதி விலகியது என்கிறீர்களா? விலகியது. சரி.

வீடியோ எடுத்த தம்பி, நீயும் அங்கேதானே இருந்தாய். போனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பியிருந்தால், முன்வரிசை ஆயாக்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது தெரிந்திருக்கும். அவர்களை ஏன் எடுக்கவில்லை?

இன்று காலை அண்ணனுக்குப் போன் போட்டேன். நன்றாகத்தான் பேசினார். வைக்கும்போது மட்டும், அடுத்த கூத்துக்குச் சந்திரமதிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.