கே.டி.பி. படிகமும் எல்-அலனினும்: ஒரு திருத்தம்

எல்-அலனின் என்னும் அமினோ அமிலத்தைச் சேர்த்த பிறகுதான் கே.டி.பி. (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்) படிகம் லேசர் ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிக்கிறது, அதாவது அலைநீளத்தைப் பாதியாக்குகிறது, என்று சொல்லப்படுவது சரியன்று. கே.டி.பி. அறை வெப்பநிலையிலேயே சமச்சீர் மையம் இல்லாத நாற்கோணப் படிகம் ஆதலால், 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை 532 நானோமீட்டர் பச்சை ஒளியாக மாற்றும் இயல்பு அதற்குத் தானாகவே உண்டு. 1968-இல் கர்ட்ஸும் பெர்ரியும் வெளியிட்ட, பொருளைத் தூளாக்கி லேசர் ஒளி பாய்ச்சி எழும் இரட்டித்த ஒளியை அளக்கும் தூள் முறையில் மற்றப் பொருள்களை ஒப்பிட, மாசூட்டாத (வேறு பொருள் சிறிதளவும் சேர்க்காத) கே.டி.பி.யையே பலர் அளவுகோலாகக் கொள்வதும் இதனால்தான்.

படிகம் வளரும் கரைசலில் எல்-அலனினை ஒரு மோல் சதவீதம் (மூலக்கூறு எண்ணிக்கையில் நூற்றில் ஒன்று) இட்டதால் படிகத்துக்குள்ளும் அதே அளவு அமினோ அமிலம் புகுந்துவிட்டது என்று கொள்ள முடியாது; வளரும் படிக முகங்கள் அந்நிய மூலக்கூறுகளில் பெரும்பகுதியை ஏற்பதில்லை. தூள் சோதனையில் துகளின் அளவு மாறினாலே பச்சை ஒளியின் செறிவும் மாறும் என்பதால், தூய மாதிரியையும் மாசூட்டிய மாதிரியையும் ஒரே அளவுக்குச் சலித்து ஒப்பிடாமல் இரட்டிக்கும் திறன் கூடிவிட்டது என்று அறிவிப்பது, இத்துறைக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு நாம் செய்யும் பெருந்தீங்கு என்றே கருதுகிறேன். அமினோ அமிலம் படிகக் கட்டமைப்பின் உறுப்பாகவே அமைவது எல்-ஆர்ஜினின் பாஸ்பேட் போன்ற தனிச் சேர்மங்களில். அது மாசூட்டல் ஆகாது.