கதை சொன்னவரை விடுங்கள், கேட்டவரைப் பாருங்கள்

'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சி நேற்றும் டைம்லைனில் வந்தது. வழக்கம்போல "நாகேஷ் நாகேஷ்தான்" என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். நாகேஷ் நாகேஷ்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்துவது டி.எஸ்.பாலையா.

நம்பாவிட்டால் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பாவாக வரும் நாகேஷ் கதவு கிறீச்சிடுவதையும் காலடிச் சத்தத்தையும் வாயாலேயே போட்டுக்கொண்டிருப்பார். பேய் எங்கே தெரிகிறது? எதிரே உட்கார்ந்திருக்கும் எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக வரும் பாலையாவின் முகத்தில். ஆரம்பத்தில் 'சரி, சொல்லித் தொலை' என்கிற அலட்சியம். அப்புறம் கண் விரிகிறது, வாய் கோணுகிறது, மூச்சு வாங்குகிறது. பக்கம் பக்கமாக வசனம் நாகேஷுக்கு. பாலையாவுக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அவர் பயப்படாமல் இருந்திருந்தால் நமக்கு அங்கே சிரிப்பு வந்திருக்காது. 1966ல் இதே படத்தை இந்தியில் எடுத்தபோது மெஹ்மூத் சொல்ல ஓம் பிரகாஷ் கேட்டார். இருவருமே பெரிய நடிகர்கள். ஆனாலும் என் ஓட்டு பாலையாவுக்குத்தான்.

இத்தனைக்கும் மனிதர் வில்லனாக வந்தவர். 1914ல் பிறந்து, நாடகக் கம்பெனியில் வளர்ந்து, 1936ல் எல்லிஸ் ஆர்.டங்கனின் 'சதிலீலாவதி'யில் சினிமாவுக்கு வந்தார். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அடுத்த வருடம் 'அம்பிகாபதி'யில் தியாகராஜ பாகவதரோடு கத்திச்சண்டை. அதன் பிறகு வருடக்கணக்கில் கெட்டவர்தான். 'தூக்குத் தூக்கி'யில் "நம்பள், நிம்பள்" என்று பேசும் சேட்ஜியாக வந்து சிரிப்பும் காட்டினார் (இன்றைக்கு அந்த வேடத்தை எடுத்தால் ஆளாளுக்குத் திட்டுவார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது).

பாலையாவின் பொற்காலம் என்று நான் சொல்வது ஐம்பது வயதையொட்டி வந்த அந்த நாலைந்து வருடங்களைத்தான். ஹீரோக்கள் அந்த வயதில் விக்கை மாட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். இவருக்கு அப்போதுதான் விஸ்வநாதனும் ஹேமநாத பாகவதரும் முத்துராக்கும் வாய்த்தார்கள்.

'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதரை எடுத்துக்கொள்ளுங்கள். "ஒருநாள் போதுமா" பாடியது பாலமுரளிகிருஷ்ணா. தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகத்தின் பெயர் வரியில் வர வர, பாட்டும் அந்தந்த ராகத்துக்குத் தாவுகிற வில்லங்கமான உருப்படி. அதற்கு வாயசைப்பதே பெரிய வேலை. பாலையா அதோடு நிற்கவில்லை. பாண்டியன் சபையில் நிமிர்ந்து உட்கார்ந்து பாடும்போது தோளிலும் கழுத்திலும்கூட அந்த வித்வத் திமிர் தெரியும். அப்புறம் திண்ணையில் ஒரு விறகுவெட்டி பாடுகிறான் (வேடம் மாறி வந்த சிவன்தான், நடித்தது சிவாஜி). தன்னோடு போட்டிக்கு வரப்போகும் பாணபத்திரர் வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஆளே இப்படிப் பாடுகிறான் என்றால் பாணபத்திரர் எப்படிப் பாடுவார்? அந்தக் கணக்கு பாகவதரின் மண்டைக்குள் ஓடுவதை முகத்திலேயே படிக்கலாம். சிவாஜியைப் பார்க்கத்தான் உட்காருகிறோம், ஆனால் சிவனின் பாட்டு எவ்வளவு பெரிது என்று நமக்குக் காட்டிக்கொடுப்பது தோற்றுப்போகிற இந்த மனிதர்தான்.

'தில்லானா மோகனாம்பாள்' தவில்காரர் முத்துராக்கும் அப்படித்தான். சிவாஜி நடித்த நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு மூக்குமேல் கோபம். அந்தக் கோபத்துக்கு அணை போடுகிற பெரியவராக, சமயத்தில் அசடாக, கூடவே வருவார். "நலந்தானா" பாட்டில் பத்மினியையும் சிவாஜியையும் பார்த்துப் பார்த்து நமக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அடுத்தமுறை தவில் பக்கம் கண்ணை வையுங்கள். பாட்டு வழியாகக் காதலி நலம் விசாரிக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். சபையில் காட்டிக்கொள்ளவும் முடியாது, கை தாளம் தப்பவும் கூடாது.

1972ல் 57 வயதில் போய்விட்டார். எம்.ஜி.ஆர் நூற்றாண்டை 2017ல் அரசே ஊர் ஊராகக் கொண்டாடியது. அவரோடு ஒரே படத்தில் அறிமுகமானவரின் நூற்றாண்டு 2014ல் வந்துபோனது. யாரும் பெரிதாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. பாலையாவுக்கு ரசிகர் மன்றம் கிடையாது, கட்சி கிடையாது, கட் அவுட் கிடையாது. நடிகனை அளக்க நம்மிடம் இருப்பது இந்த மூன்றே மூன்று தராசுதானே!

'பாமா விஜயம்' மாமனாரைப் பற்றி இதில் ஒரு வரிகூட எழுதவில்லை, அது தனிப் பதிவு. நாகேஷ் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நானும் உங்கள் கட்சிதான்.