குருத்தை வெட்டினால் கட்டி பட்டுவிடுமா?

"புற்றுநோய்க் குருத்தணுக்களை மட்டும் அழித்துவிட்டால் நோய் திரும்பவே திரும்பாது" என்ற வாசகம் அடிக்கடி கண்ணில் படுகிறது. தானும் பெருகி, கட்டியின் மற்றச் செல்களையும் பிறப்பிக்கும் மூலச்செல்லையே (stem cell) இங்கே குருத்தணு என்கிறார்கள். பனையின் குருத்தை வெட்டினால் மரமே பட்டுப்போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது உடனே நம்பத் தோன்றும். குருத்தணு என்ற அழகான சொல்லே நம்மை இங்கே வழிதவறச் செய்கிறதோ என்று எனக்கு ஓர் ஐயம்.

இந்தக் கருத்து ஆதாரமற்றதன்று. 2003இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிளார்க்கின் குழுவினர், மார்பகப் புற்றுக்கட்டிகளிலிருந்து பிரித்தெடுத்த ஒருவகைச் செல்களில் நூறே எலியின் உடலில் புதிய கட்டியை உண்டாக்கப் போதுமென்றும், பிறவகைச் செல்களைப் பல்லாயிரக்கணக்கில் செலுத்தினாலும் கட்டி தோன்றவில்லை என்றும் காட்டினர். ஆனால் 2008இல் அதே பல்கலைக்கழகத்தில் ஷான் மாரிசனின் குழுவினர் மெலனோமா என்னும் தோல் புற்றுநோயை ஆராய்ந்தபோது, வழக்கமான சோதனை எலிகளில் பல லட்சத்தில் ஒரு செல்லுக்கே இருந்ததாகத் தோன்றிய, புதிய கட்டியை உண்டாக்கும் அந்த ஆற்றல், நோயெதிர்ப்பு இன்னும் குன்றிய எலிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு செல்லுக்கு இருந்தது. செல்கள் மாறவில்லை, அவை விழுந்த நிலந்தான் மாறியது. அப்படியானால் அதுவரை எண்ணியது எதை?

அடுத்த அடி பெருங்குடல் புற்றிலிருந்து வந்தது. கட்டியைச் சூழ்ந்த நார்த்திசுச் செல்கள் சுரக்கும் ஒரு வளர்ச்சிப் புரதம், முதிர்ந்துவிட்ட புற்றுச்செல்லையும் மீண்டும் குருத்துநிலைக்குத் திருப்ப வல்லது என 2010இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். 2017இல் ஜெனென்டெக் என்னும் அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எலிகளின் குடற்கட்டியில் குருத்தணுக்களை மட்டும் அழித்துப் பார்த்தனர். வளர்ச்சி தடைப்பட்டதே தவிரக் கட்டி சுருங்கவில்லை. அழிப்பதை நிறுத்தியதும் எஞ்சிய செல்களிலிருந்தே குருத்தணுக்கள் மீண்டும் தோன்றின. ஈரம் கண்ட இடத்தில் விழுதுவிடும் ஆலமரத்தைத்தான் இது நினைவூட்டுகிறது, பனையை அன்று. ஆனால் கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளோ குருத்தணுக்களின்றி நிலைக்கவில்லை. ஒரே நோய், ஒரே செல்வகை. இடத்துக்கு இடம் வேறு விதி!

குருத்துநிலை என்பது செல்லின் பிறவிக்குணம் என்பதைவிட, சூழலோடு பேசிப் பெறும் நிலை என்றே நான் கொள்கிறேன். இரத்தப் புற்றுநோயில், குருத்தணுக்கள் மேலே நின்று மற்றச் செல்களைப் பிறப்பிக்கின்றன என்ற பழைய படிநிலைக் கருத்து இன்னும் வலுவாக நிற்பதையும் மறுக்கவில்லை. அதற்காக, சூழலை அழித்தால் போதும் என்று மறுகோடிக்குத் தாவவும் இயலாது. 2014இல் எலிகளின் கணையப் புற்றில் அந்த நார்த்திசுச் செல்களைக் குறைத்தபோது கட்டி அடங்கவில்லை. இன்னும் மூர்க்கமாயிற்று, குருத்தணுக்களும் பெருகின.