525 மடங்கு என்பது பெட்டிக் கணக்கு

"தொலைநோக்கியின் பெட்டியில் 525 மடங்கு பெரிதாக்கும் என்று போட்டிருக்கிறது, சனி வளையம் துல்லியமாகத் தெரியும், தைரியமாக வாங்கலாம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க. முன் லென்ஸின் விட்டம் 70 மி.மீ. என்றால் சுமார் 140 மடங்குதான் உருப்படியான உச்சம். அதற்கு மேல் போனால் உருவம் பெரிதாகும், ஆனால் மங்கிக் கலங்கிவிடும். 700 மி.மீ. குவியத் தூரத்துக்கு (முன் லென்ஸிலிருந்து உருவம் விழும் இடம் வரையுள்ள தூரம்) 10 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால், 700-ஐ 10-ஆல் வகுத்து 70 மடங்கு. வளையம் பார்க்க அதுவே தாராளம். கடலூரில் எங்கள் மொட்டை மாடியில் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

மார்கழியில் தொல்லையே வேறு. கடல் ஈரத்தில் லென்ஸ் பனித்துவிடும். துண்டால் துடைத்து வைக்காதீர்கள், கீறல் விழும். கறுப்பு சார்ட் அட்டையைச் சுருட்டிக் குழாய் முனையில் மாட்டுங்கள், கொஞ்ச நேரம் பனி படியாமல் தாங்கும்.