அந்த பேக்கரி போட்டோவைப் பற்றி

எந்த போட்டோ என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் போனுக்கும் வந்திருக்கும். எங்கள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்து, பக்கத்து நகர் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, கடைசியில் கும்பாபிஷேகக் கமிட்டி குழு வரைக்கும் போய்விட்டது. சீருடையில் ஒரு பெண், ஒரு பையன், ஆளுக்கொரு பப்ஸ், நடுவில் ஒரு ரோஸ்மில்க். மேலே "பெற்றோர் கவனத்திற்கு!!" என்று போட்டு மூன்று கும்பிடு.

எடுத்தவர் எதிர்க்கடை வாசலில் நின்று ஜூம் பண்ணி எடுத்திருக்கிறார். நல்ல போன் போல, ரொம்பத் தெளிவாக வந்திருக்கிறது. அந்தப் பெண் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டைக் கொஞ்சம் பெரிதாக்கினால் பெயர், வகுப்பு, பள்ளி, ரத்தப் பிரிவு எல்லாம் படிக்கலாம். எந்த பேக்கரி, எத்தனை மணி என்பதையும் கீழேயே எழுதிவிட்டார். இதே ஆட்கள்தான் போன மாதம் கம்யூனிட்டி ஹாலில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, சீருடையோடு செல்ஃபி போடாதே, லொகேஷன் போடாதே, தெரியாதவன் கையில் உன் படம் சிக்கினால் என்ன ஆகும் தெரியுமா என்றெல்லாம் வகுப்பு எடுத்தார்கள். முடிவில் சமோசா வேறு. பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை. அங்கிள் போட்டுவிட்டார்.

எடுத்துவிடுங்கள் சார் என்று குழுவில் கேட்டேன். "நல்ல எண்ணத்தில் போட்டதைத் தப்பாக எடுக்காதீர்கள்" என்று பதில் வந்தது. சரி, நல்ல எண்ணம். நல்ல எண்ணம் இருக்கிற மனுஷன் என்ன செய்வான்? கடைக்குள் போய் ஒரு டீ சொல்லிவிட்டு, "என்னம்மா, பஸ் இன்னும் வரலையா?" என்று கேட்பான். அந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே ஏதாவது சிக்கல் இருந்திருந்தால் அந்த ஒரு கேள்வியில் கண்ணைப் பார்த்தே தெரிந்திருக்கும். அல்லது பெற்றோரைத் தெரியும் என்றால் அவர்களுக்கு மட்டும் ஒரு போன். இதில் முந்நூறு பேர் பார்க்கிற படத்துக்கு எங்கே வேலை?

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைக்கு ஒரு ஆபத்து வந்தால் அது யாரிடமாவது வந்து சொல்லுமா, சொல்லாதா? பாதுகாப்பு என்பது அதில் இருக்கிறது. கேமரா, ஆப், பெப்பர் ஸ்ப்ரே, கராத்தே எல்லாம் அதற்கப்புறம்தான்.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. திருச்சியில் பிளஸ் டூ முடித்துவிட்டு டைப்ரைட்டிங் லோயர் படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறினால் ஸ்ரீரங்கம் போய் இறங்குவதற்குள் ஒரு ஆள் தினமும் பின்னால் வந்து நிற்பான். காவிரிப் பாலத்தில் பஸ் ஊரும்போதுதான் அவனுக்கு வசதி. பொறுத்துப் பார்த்து ஒரு நாள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, மறுநாளிலிருந்து கிளாஸ் நின்றது. அந்த ஆள் பாட்டுக்கு அதே பஸ்ஸில் டிக்கெட் எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்வந்தான். அதற்கப்புறம் எனக்கு என்ன நடந்தாலும் வீட்டில் மூச்சு விட்டதில்லை. காலேஜ் போனபோது எதிர்வீட்டு அக்காதான் சொல்லிக்கொடுத்தாள். ஊக்கைத் திறந்து எந்த விரலிடுக்கில் பிடிப்பது, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியை ஒட்டி நில், எந்த பஸ்ஸில் கண்டக்டர் கூப்பிட்டால் விசில் அடித்து நிறுத்துவார் என்பது வரைக்கும். அவள் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. "நீ ஏன் அங்கே நின்ன?" என்று கேட்காத ஒரே ஆள் அவள்தான்.

"அந்தக் காலம் வேறு, இப்போது ஆபத்து போனுக்குள் இருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் போனுக்குள் இருப்பவனும் பிள்ளை வீட்டில் சொல்லாது என்ற தைரியத்தில்தான் ஆடுகிறான். தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன். பையன், பெண் இல்லை, அதையும் கவனியுங்கள். இன்ஸ்டாவில் ஒரு பெண் பெயரில் பேச்சு, அப்புறம் வீடியோ கால், அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு "உன் ஃபாலோயர்ஸ் எல்லாருக்கும் அனுப்பட்டுமா" என்று மிரட்டல். அம்மா போனிலிருந்து ஐயாயிரம் அனுப்பியிருக்கிறான், அனுப்பினதும் இன்னும் கேட்டிருக்கிறார்கள். ராத்திரி பதினொன்றரைக்கு எனக்கு போன். ஏண்டா அப்பாவிடம் சொல்லவில்லை என்றால், "சொன்னா போனைப் பிடுங்கிருவாரு அத்தை, அப்புறம் படிப்பையும் நிறுத்திருவாரு" என்கிறான். மிரட்டுகிறவனைவிட அவனுக்கு அப்பாவிடம் பயம்.

நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இனி பைசா அனுப்பாதே. சாட்டை அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடு. அந்தக் கணக்கைப் புகார் செய்துவிட்டு பிளாக் பண்ணு. பணம் போனதற்கு 1930 என்ற சைபர் மோசடி உதவி எண், கூடவே தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார். பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படம், வீடியோ என்றால் அங்கே பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம், பல பேருக்கு இது தெரியாது. அந்தரங்கப் படம் வெளியே வந்துவிட்டால், பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த 2 மணி நேரத்துக்குள் (2026 பிப்ரவரிக்கு முன் 24 மணி நேரம்) தளங்கள் அதை நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதிகளிலேயே இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவச சேவை உண்டு. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். நம் போனிலேயே அதன் டிஜிட்டல் கைரேகையை மட்டும் எடுத்து இன்ஸ்டா, ஃபேஸ்புக் போன்ற தளங்களுக்குக் கொடுப்பார்கள். குழந்தை தானே கூப்பிட 1098 என்ற உதவி எண் இருக்கிறது. வழி எல்லாம் இருக்கிறது, ஆனால் பிள்ளை முதலில் வாயைத் திறந்தால்தானே.

"பொள்ளாச்சியை மறந்துட்டீங்களா மேடம்?" என்று கேட்கிறீர்கள். மறக்கவில்லை. அந்தப் பயம் எனக்கும் உண்டு, என் வீட்டிலும் பெண் இருக்கிறாள், அவள் டியூஷன் முடிந்து வர ஐந்து நிமிஷம் தாமதமானால் எனக்கும் வயிற்றைப் பிசையும். ஆனால் பொள்ளாச்சியில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். ஒரு கும்பல் பாலியல் வன்முறையை வீடியோ எடுத்து, அதைக் காட்டி மிரட்டியது, அத்தனை பெண்கள் வெளியே சொல்ல முடியாமல் கிடந்தார்கள். 2019 பிப்ரவரியில் ஒருத்தி வீட்டில் சொன்னாள், வீடு அவள் பக்கம் நின்றது, புகார் போனது. ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் என்று 2025 மே 13இல் கோவை மகளிர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது அந்த ஒரு பேச்சில் ஆரம்பித்ததுதான். அப்படிச் சொன்ன பெண்ணுக்கு நாம் என்ன செய்தோம்? பேட்டி கொடுத்த போலீஸ் அதிகாரி பெயரைச் சொன்னார், அரசாணையிலும் பெயர் வந்தது, உயர் நீதிமன்றம் 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பாடம் படித்தோமா? 2024 டிசம்பரில் பாலியல் வன்முறைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்ஐஆரே இணையத்தில் வெளியானது. அதை எழுதின விதத்தையும் உயர் நீதிமன்றம் கண்டித்தது. மறுபடியும் 25 லட்சம். நமக்கு ரேட்டு மட்டும் மனப்பாடம்.

பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்று குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் சொல்கிறது. ஒரு தப்பும் செய்யாமல் பப்ஸ் சாப்பிட்ட குழந்தைக்குத்தான் அங்கிளிடமிருந்து பாதுகாப்பு இல்லை.

அப்புறம் அந்த நிரந்தரக் கேள்வி: "உங்க பொண்ணா இருந்தா சும்மா இருப்பீங்களா?" இருக்க மாட்டேன். போட்டோ எடுத்தவர் வீட்டு வாசலில் போய் நிற்பேன். "அப்போ பையனோட சுத்தட்டும்னு விட்டுருவீங்க" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. போக்சோவில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குழந்தைக்குத் தெரிந்த ஆள்தான் குற்றவாளி என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், குடும்ப நண்பர். நம் குழுவில் "வாழ்த்துகள் மா" போடுகிற வயதுக்காரர்கள். நீங்கள் பேக்கரியை ஜூம் பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒருவர் மட்டும் நேரடியாகவே எழுதிவிட்டார், ஆம்பளை இல்லாத வீட்டில் கண்டிப்பு எங்கிருந்து வரும் என்று. கீழே பதினான்கு தம்ஸ்-அப். அதில் நாலு பேர் என் வீட்டில் பொங்கல் சாப்பிட்டவர்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு உறுத்துவது என் பெண் அதைப் படித்துவிட்டாள் என்பதுதான். "நீ ஏம்மா இவங்ககிட்ட பேசுற?" என்று கேட்டாள், கோபமாகக்கூட இல்லை. அந்த போட்டோவில் இருக்கிற பெண் அவள் பள்ளிதான், ரெண்டு நாளாக வரவில்லையாம். அதைப் பற்றிக் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது புதுத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் பாதுகாப்புக்காக பேக்கரி முனையில் சிசிடிவி, வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய். பஸ் ஸ்டாப்பிலிருந்து உள்ளே வரும் சந்தில் ரெண்டு கம்பத்தில் பல மாதமாக விளக்கு எரியவில்லை, டியூஷன் முடித்துப் பிள்ளைகள் வருவது அந்த வழியாகத்தான். அதற்கு ஒருத்தரும் மனு எழுதவில்லை. கம்ப நம்பர் இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை நானே போய்க் கொடுக்கிறேன். ஐந்நூறு ரூபாய் தர மாட்டேன், அட்மின் சார் இதைப் படிக்கிறார் என்று தெரியும், வசூலுக்கு என் வீட்டு மணியை அடிக்க வேண்டாம்.